ஒரே வகுப்பில் முந்தி நிற்பவரும் பின்தங்கியவரும்: தரம் 9 கணிதம் பற்றி ஒரு விவாத இழை

உவர்மலை ரீச்சர்

வணக்கம். திருகோணமலை நகரப் பாடசாலை ஒன்றில் தரம் 9 மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்து வருகிறேன். ஒரு பிரிவில் நாற்பதுக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகள் இருக்கிறார்கள். பாடவேளை 40 நிமிடம். இடாப்பும் வீட்டுவேலை பார்ப்பதும் போனால் கற்பிப்பதற்கு எஞ்சுவது முப்பது நிமிடமே. முன்வரிசையில் நான்கைந்து பேர், நான் வினாவைக் கரும்பலகையில் எழுதி முடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிடுகிறார்கள். அவர்களிற் சிலர் தனியார் கல்வி நிலையத்தில் அதே அலகை முன்கூட்டியே படித்து முடித்தவர்கள். பின்வரிசைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் பின்னங்களைக் கூட்டுவதிலேயே இன்னும் தடுமாறுகிறார்கள். சிலருக்கு ஏழாம் வாய்ப்பாடு கூடத் தெரியாது. இரு பக்கத்தையும் விட்டு நடுவில் இருப்பவர்களை நோக்கியே பாடம் நடக்கிறது என்பதை வகுப்பை மேற்பார்வை செய்ய வருபவர்களும் அறிவார்கள், நானும் அறிவேன்.

முந்தி முடிப்பவர்களுக்கு மேலதிகப் பயிற்சித்தாள் கொடுத்துப் பார்த்தேன். கணக்கை விரைவாகச் செய்ததற்குத் தண்டனையாக இன்னும் இருபது கணக்கா என்ற முகத்துடன்தான் அதை வாங்குகிறார்கள். பின்தங்கியவர்களுக்குப் பாடசாலை முடிந்தபின் பரிகார வகுப்பு வைத்தால், நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் போகும் பிள்ளைகளுக்குப் பஸ் தவறிவிடுகிறது. வகுப்புகளைத் திறன்படி பிரிக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. இருக்கின்ற வகுப்பில், இருக்கின்ற நேரத்தில், இந்த இரு பக்கத்தையும் எப்படிக் கவனிக்கிறீர்கள்? கொள்கை விளக்கத்தை விட, திங்கட்கிழமை காலையில் செய்யக்கூடியதைச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

கொட்டியாரத்தார்

ரீச்சர், நான் கணிதத்துக்கான ஆசிரிய ஆலோசகராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். திருகோணமலை வலயத்திலும் மூதூர், கிண்ணியா வலயங்களிலும் நிறைய வகுப்பறைகளில் பின்வரிசையில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் ஒன்றை முதலிற் சொல்ல வேண்டும். பரிகாரக் கற்பித்தல் என்ற பெயரில் எங்கள் பாடசாலைகளில் நடப்பதில் பெரும்பகுதி, பிள்ளைக்கு விளங்காத பாடத்தை அதே முறையில், அதே உதாரணத்துடன், சற்று உரத்த குரலில் இன்னொரு தடவை சொல்வதுதான். பிள்ளை எந்த இடத்தில் இடறியது என்று தெரியாமல் கொடுக்கும் பரிகாரம், நோயைக் கேட்காமல் கொடுக்கும் மருந்து.

பின்னக் கூட்டலையே எடுத்துக்கொள்வோம். ½ உடன் ⅓ ஐக் கூட்டச் சொல்லுங்கள். உங்கள் பன்னிரண்டு பேரின் கொப்பிகளில் பிழையான விடை ஒன்று மட்டும் இராது. ஒரு பிள்ளை 2/5 என்று எழுதியிருக்கும். அதற்குப் பின்னம் என்பது ஓர் எண்ணாகவே தெரியவில்லை, மேலே ஓர் எண், கீழே ஓர் எண், தனித்தனியே கூட்டினால் முடிந்தது. இன்னொரு பிள்ளை 2/6 என்று எழுதியிருக்கும். இந்தப் பிள்ளை பொது மடங்குகளுட் சிறியதைக் கண்டுபிடித்துவிட்டது, பகுதியை மாற்றும்போது தொகுதியும் மாற வேண்டும் என்பது மட்டும் பிடிபடவில்லை. மூன்றாவது பிள்ளை முறையைச் சரியாகச் செய்து, 3 உடன் 2 ஐக் கூட்டி 6 என்று எழுதி, விடை 1 என்று முடித்திருக்கும். அதற்கு வேண்டியது பின்னப் பாடமே அன்று, விடையைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம். மூவருக்கும் புள்ளி பூச்சியம். மூவரையும் ஒரே பரிகார வகுப்பில் இருத்திச் சமவலுப் பின்னங்களை மறுபடி விளக்கினால், நடுவில் உள்ள பிள்ளை ஒன்றுக்கே பயன்.

2/5 என்று எழுதிய பிள்ளையிடம் விதியைச் சொல்லாதீர்கள். "2/5 பெரிதா, அரை பெரிதா?" என்று கேளுங்கள். ஒரு கடதாசித் துண்டை ஐந்தாக மடித்துப் பார்த்தால் 2/5 அரையை விடச் சிறிது என்று அதுவே கண்டுகொள்ளும். அரையுடன் வேறொன்றைக் கூட்டிய பிறகு எப்படி அரையிலும் குறைந்தது என்ற கேள்வி அங்கே தானாக எழும். அந்தக் கேள்வி பிள்ளையின் மனதில் எழுந்த பின்னர் சொல்லப்படும் விதி நிற்கும். அதற்கு முன் சொன்னது நில்லாது.

இவ்வாறான பிழைகள் எண்ணிக்கையில் அதிகமில்லை. 35 என்பது 4 ஐ விடப் பெரிது ஆகையால் 0.35 என்பது 0.4 ஐ விடப் பெரிது என்று நினைப்பது, இரண்டு மறை சேர்ந்தால் நேர் என்று மனனம் செய்து −3 − 5 = 8 என்று எழுதுவது, 3எக்ஸ் + 2 என்பதை 5எக்ஸ் என்று சுருக்குவது: ஓர் அலகுக்கு நான்கைந்து வகைப் பிழைகளை அறிந்து வைத்திருந்தால் போதும். பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் கால் தாளில் இரண்டே கணக்குச் செய்யச் சொல்லி வாங்குங்கள். சரி, பிழை என்று அடையாளம் இட வேண்டாம். பிழையின் வகைப்படி தாள்களைக் குவியலாகப் பிரியுங்கள். ஆசிரியர் அறையில் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அது முடிந்துவிடும். மறுநாள் யாருடன் எதைப் பற்றிக் கதைக்க வேண்டும் என்பது அந்தக் குவியல்களிலிருந்து தெரியும்.

வெண்கட்டி

ஐயா சொன்னவை யாவும் ஏற்கக்கூடியவையே. ஆயினும் நாற்பது பேரை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் இத்தனையும் செய்வார் என்று எதிர்பார்ப்பது எந்த அளவுக்கு நியாயம் என்று கேட்க விரும்புகிறேன். நானும் கணித ஆசிரியர்தான். எங்கள் பாடசாலையில் தரம் 10இலிருந்து, முந்தைய ஆண்டுப் புள்ளிகளின்படி கணித பாடத்துக்கு மட்டும் பிரிவுகளைக் கலைத்து அமைக்கிறோம். மேல் பிரிவு பாடநூலை முன்கூட்டியே முடித்துக் கடந்தகால வினாத்தாள்களுக்குப் போகிறது. கீழ்ப் பிரிவு குறைந்த அலகுகளை நிதானமாகச் செய்கிறது. ஆசிரியருக்கும் ஒரே ஆயத்தம், பிள்ளைக்கும் வெட்கமில்லை. பின்தங்கிய பிள்ளை, விடையை உடனுக்குடன் கத்தும் பிள்ளைகளின் நடுவில் இருந்து நாளும் தாழ்வுணர்ச்சி அடைவதை விட, தன்னைப் போன்றவர்களுடன் இருந்து இரண்டு கணக்கைச் சரியாகச் செய்வது மேல் அல்லவா? பிரிப்பது பாவம் என்பதுபோல் கதைப்பவர்கள் பெரும்பாலும் வகுப்புக்கு வெளியே இருப்பவர்களாகவே இருக்கிறார்கள்.

மூதூர்க் கடைக்காரர்

நான் ஆசிரியர் அல்லன். மூதூரில் சிறிய பலசரக்குக் கடை நடத்துகிறேன். இந்த இழையைப் படித்தபோது என் மகளைப் பற்றியே எழுதியதுபோல் இருந்தபடியால் குறுக்கிடுகிறேன். அவளும் தரம் 9. கடையில் நிற்கும்போது 640 ரூபாய்க்குச் சாமான் வாங்கியவர் ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால், கணிப்பானைத் தொடாமலே மிச்சக் காசை எண்ணிக் கொடுப்பாள். ஒரு நாளும் பிழைத்ததில்லை. அதே பிள்ளை தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு எடுப்பது முப்பதுக்கும் குறைந்த புள்ளி. நகரத்துக்கு ரியூசனுக்கு அனுப்பும்படி சிலர் சொல்கிறார்கள். பஸ்ஸில் போய்த் திரும்ப இருட்டிவிடும் என்பதோடு, அங்கு நூறு பேர் இருக்கும் மண்டபத்தில் அவள் எழும்பிக் கேள்வி கேட்கப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். வீட்டில் நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? நான் சாதாரண தரம் வரை படித்தவன். இப்போதைய பாடநூல் எனக்கு ஓரளவுதான் விளங்குகிறது.

கொட்டியாரத்தார்

முதலில் மூதூர்த் தம்பிக்கு. உங்கள் மகள் 1000இலிருந்து 640ஐக் கழிப்பதில்லை என்று நினைக்கிறேன். 640இலிருந்து 700க்கு 60, அங்கிருந்து ஆயிரத்துக்கு 300 என்று ஏறிப் போகிறாள். கடையில் நிற்கும் எவரும் அப்படித்தான் எண்ணுவார்கள். அந்த எண்ணத்தை அவளையே ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். "640உடன் எதைக் கூட்டினால் 1000?" என்று எழுதி, அந்த "எதை" என்ற இடத்தில் ஒரு பெட்டி போடச் சொல்லுங்கள். பெட்டிக்குப் பதிலாக எக்ஸ் என்று எழுதினால் அதுதான் தரம் 9 பாடநூலில் உள்ள சமன்பாடு. அவளுக்கு எண் அறிவு குறைவில்லை. எழுத்தில் இருக்கும் கணிதமும் தன் தலையில் இருக்கும் கணிதமும் ஒன்று என்பதை யாரும் அவளுக்குக் காட்டவில்லை. நீங்கள் பாடநூலை விளக்க வேண்டியதில்லை. கடைக் கணக்கை அவள் எப்படிச் செய்தாள் என்று கேட்டு, அவள் சொன்னதை அவளையே எழுத வையுங்கள். அந்தக் கொப்பியைக் கணித ஆசிரியருக்குக் காட்டுங்கள்.

இனி வெண்கட்டி அவர்களின் கருத்து. தாழ்வுணர்ச்சி பற்றி நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் புள்ளியின்படி பிரித்தால், இந்தக் கடைக்காரரின் மகள் எந்தப் பிரிவுக்குப் போவாள்? கீழ்ப் பிரிவுக்கு. அங்கே "குறைந்த அலகுகள்" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குறைத்தல்தான் ஆபத்து. ஓர் ஆண்டு குறைத்துப் படித்த பிள்ளை மறு ஆண்டு மேல் பிரிவுக்கு ஏற முடியாது, ஏனென்றால் இடையில் உள்ள அலகுகளை அது கண்டதே இல்லை. தற்காலிகமாகப் பிரித்தது நிலையான பிரிவாகிவிடும்.

இன்னொன்று ஆசிரியரின் எதிர்பார்ப்பு. ரோசந்தால், ஜேக்கப்சன் என்ற இருவர் அமெரிக்கப் பாடசாலை ஒன்றில் செய்து 1968இல் நூலாக வெளியிட்ட பரிசோதனை பிரபலமானது. எழுந்தமானமாகத் தெரிந்தெடுத்த சில பிள்ளைகளை, இவர்கள் இவ்வாண்டு திடீரென மலரப் போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். கீழ் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் ஏனையோரை விடக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். அதன் அளவு பற்றிப் பிற்காலத்தில் நிறைய வாதப் பிரதிவாதங்கள் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனாலும் "கீழ்ப் பிரிவுக்குப் பாடம் எடுக்கப் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டு படியேறும் ஆசிரியரின் குரல் எப்படி மாறும் என்பதை அறிய எனக்கு ஆய்வு தேவைப்படவில்லை.

உப்புவெளி மாணவன்

நான் இப்போது பொறியியல் பீடத்தில் படிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் முன்வரிசையில் விடையைக் கத்திக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருவன். இங்கே எல்லோரும் பின்தங்கியவர்களைப் பற்றியே எழுதுவதால் மறுபக்கத்தையும் சொல்ல அனுமதியுங்கள்.

எங்களுக்குக் கிடைத்த "மேலதிகக் கவனிப்பு" மூன்று வகை. ஒன்று, அதே மாதிரிக் கணக்குகள் இன்னும் இருபது. இரண்டு, அடுத்த தரத்துப் பாடநூல். மூன்று, பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலை. மூன்றாவதைப் பற்றி எல்லோரும் மிக உயர்வாகக் கதைக்கிறார்கள். சொல்லிக் கொடுக்கும்போது தனக்கும் தெளிவு வரும் என்பது சரிதான். இடையிடையே என்றால் நல்லது. நாளாந்தம் என்றால் அது சம்பளம் இல்லாத ஆசிரிய வேலை. பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பொறுமையும் இருக்காது. நான் பெரும்பாலும் விடையைச் சொல்லிவிட்டுத் திரும்பி இருந்துகொண்டேன், பக்கத்து நண்பன் அதைப் பார்த்து எழுதிக்கொண்டான், ரீச்சர் இருவரையும் பாராட்டினார்.

அடுத்த தரத்துப் பாடநூலும் அவ்வளவு பெரிய உதவி அன்று. தரம் 11 கணக்கைத் தரம் 9இல் செய்யலாம் என்பது, தரம் 11இல் சும்மா இருக்க வேண்டும் என்பதன் முன்னேற்பாடு. எனக்கு உண்மையாகவே பசி தீர்த்தது, ஓர் ஆசிரியர் கொண்டுவந்து தந்த கணித ஒலிம்பியாட் வினாக்கள். 1959இல் ருமேனியாவில் தொடங்கிய சர்வதேசப் போட்டியில் இரண்டு நாட்களுக்கு ஆறே வினாக்கள், நாளுக்கு மூன்று, அதற்கு நாலரை மணித்தியாலம். அதை அறிந்தபோதுதான் ஒரு கணக்குக்கு ஒன்றரை மணித்தியாலம் செலவழிப்பது வெட்கப்படும் விடயம் அன்று என்று எனக்கு விளங்கியது. எங்கள் வகுப்பறையில் நல்ல பிள்ளை என்பதற்கு வரைவிலக்கணம் விரைவாக முடிக்கும் பிள்ளை என்பதுதானே.

இராமானுசனைப் பாருங்கள்; வழக்கமான பாடத்திட்டத்துக்குள் அவர் அடங்கவில்லை. மீத்திறன் பிள்ளைகளுக்குத் தனி வழி வேண்டும்.

வெண்கட்டி

தம்பி, இராமானுசனை எடுத்தால் முழுவதையும் எடுக்க வேண்டும். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர்ந்த பாடங்களைக் கவனியாமல் விட்டு உதவித்தொகையை இழந்தவர் அவர். எங்கள் பிள்ளைகளுக்கு மொழி, விஞ்ஞானம், வரலாறு என்று எல்லாவற்றிலும் பெறுபேறு கேட்கிறார்கள். அதோடு ஒலிம்பியாட் வினா நாலு பேருக்கு. மீதி முப்பத்தாறு பேரை அந்த நேரத்தில் நான் என்ன செய்வது?

தம்பலகாமத்தான்

நான் ஒரு கிராமப் பாடசாலையில் கற்பிக்கிறேன். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுக்கும் பிள்ளைகள் நகரத்துப் பாடசாலைகளுக்குப் போய்விடுகிறார்கள். எஞ்சியவர்களில் முந்தி நிற்பவர் ஒருவரோ இருவரோதான். அந்த இருவருக்கு ஒரு பிரிவு அமைக்க முடியாது. ஆகவே நான் வேறு வழி தேட வேண்டியிருந்தது: எல்லோரும் தொடங்கக்கூடியதும், எவரும் இலகுவில் முடிக்க முடியாததுமான ஒரே கணக்கை முழு வகுப்புக்கும் கொடுப்பது. எண்கோலங்கள் என்ற அலகுக்கு நான் பயன்படுத்தும் ஒன்றை விபரமாகத் தருகிறேன்.

15 என்ற எண்ணை அடுத்தடுத்து வரும் எண்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம்: 7 + 8. அதையே 4 + 5 + 6 என்றும் 1 + 2 + 3 + 4 + 5 என்றும் எழுதலாம். 1 முதல் 30 வரையுள்ள எண்களில் எவற்றை இப்படி எழுதலாம், எவற்றை எழுத முடியாது? இவ்வளவுதான் வினா. கரும்பலகையில் 1 முதல் 30 வரை எழுதி விடுவேன். ஒரு வழி கண்டுபிடித்தவர் வந்து அந்த எண்ணின் பக்கத்தில் எழுத வேண்டும்.

கூட்டல் மட்டும் தெரிந்த பிள்ளையும் உடனே தொடங்கிவிடும். 1 + 2 மூன்று, 2 + 3 ஐந்து, 3 + 4 ஏழு என்று எழுதிக்கொண்டு போகும்போதே, 3இலிருந்து ஒற்றை எண்கள் எல்லாம் வருகின்றன என்று பின்வரிசையிலிருந்துதான் முதலிற் குரல் வரும். அந்த வகுப்பில் அந்தப் பிள்ளை கணிதத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்த உண்மையாக அது இருக்கக்கூடும். நடுவில் உள்ளவர்கள் மூன்று எண்களைக் கூட்டத் தொடங்கி, 6, 9, 12 என்று மூன்றின் மடங்குகளைப் பிடிப்பார்கள். நடு எண்ணின் மூன்று மடங்குதான் கூட்டுத்தொகை என்பதையும் யாராவது சொல்வார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பலகையில் வெறுமையாக நிற்பவை 1, 2, 4, 8, 16 மட்டும். 16க்கு வழி தேடி முன்வரிசையினர் கொப்பியில் ஒரு பக்கத்தை நிரப்புவார்கள். கிடைக்காது.

"ஏன் கிடைக்காது?" என்பது அவர்களுக்கான கணக்கு. கூட்டப்படும் எண்களில் முதலாவதையும் கடைசியையும் கூட்டுங்கள். அத்தொகையையும், எத்தனை எண்கள் என்ற எண்ணிக்கையையும் பெருக்கினால் கூட்டுத்தொகையின் இரு மடங்கு வரும். அவ்விரண்டில் ஒன்று எப்போதும் ஒற்றை, மற்றது இரட்டை. ஆகவே இரு மடங்கில் ஒன்றை விடப் பெரிய ஒற்றைக் காரணி ஒன்று இருந்தே ஆக வேண்டும். 16இன் இரு மடங்கு 32. அதற்கு அப்படி ஒரு காரணி இல்லை. இதை நான் சொல்வதில்லை. ஒரு தடவை இரண்டு வாரம் விட்டுவைத்தேன். ஒரு மாணவி 1 முதல் 30 வரை ஒவ்வொன்றுக்கும் எத்தனை வழி என்று அட்டவணை போட்டு, வழிகளின் எண்ணிக்கை அந்த எண்ணின், ஒன்றைத் தவிர்ந்த ஒற்றைக் காரணிகளின் எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறது என்று காட்டினாள். 15க்கு 3, 5, 15 என்று மூன்று ஒற்றைக் காரணிகள், மூன்று வழிகள். 9க்கு 3, 9, இரண்டு வழிகள். ஒலிம்பியாட் வினாத்தாள் அவள் கையில் கிடைத்ததில்லை. ஆனால் தம்பி சொல்லும் அதே வகைப் பசி அவளுக்கும் இருந்தது.

வெண்கட்டி அவர்களே, அன்று முப்பத்தாறு பேரும் சும்மா இருக்கவில்லை. பின்தங்கியவர்கள் ஐம்பது கூட்டற் கணக்காவது செய்தார்கள், பயிற்சித்தாள் என்று பெயர் வைக்காமலே.

உவர்மலை ரீச்சர்

தம்பலகாமத்தாரின் கணக்கை நான் நிச்சயம் எடுத்துக்கொள்வேன். ஒரு சந்தேகம். எண்கோலம் போன்ற அலகுகள் இப்படித் திறந்து கொடுக்கின்றன. சமன்பாடு தீர்த்தல் போன்று படிமுறையைப் பழக வேண்டிய இடத்தில் என்ன செய்வது? அங்கே கண்டுபிடிக்க விட்டால் பின்தங்கிய பிள்ளை முழுப் பாடவேளையும் வெற்றுக் கொப்பியோடு இருந்துவிடுகிறது.

கொட்டியாரத்தார்

மிகச் சரியான சந்தேகம். அங்கே கண்டுபிடிக்க விடக் கூடாது. அவுஸ்திரேலியாவில் சுவெல்லரும் கூப்பரும் 1985இல் அட்சரகணிதக் கணக்குகளை வைத்தே இதை ஆராய்ந்தார்கள்: புதிதாகப் படிப்பவர், தானாகப் பல கணக்குகளைச் செய்து முட்டிமோதுவதை விட, செய்து காட்டப்பட்ட கணக்குகளை ஊன்றிப் படிப்பதால் குறைந்த நேரத்தில் கூடுதலாகப் பெறுகிறார். ஒரே வேளையில் மனதில் தாங்கக்கூடிய சுமைக்கு எல்லை உண்டு என்பதே அவர்களின் விளக்கம்.

அதை வகுப்பில் இப்படிச் செய்யலாம். 3(எக்ஸ் − 2) = 15 என்ற கணக்கை எல்லா அடிகளுடனும் தாளில் கொடுங்கள். அடுத்த கணக்கில் கடைசி அடியை மட்டும் வெறுமையாக விடுங்கள். அதற்கடுத்ததில் கடைசி இரண்டு அடிகளை. நாலாவதில் வினா மட்டும். ஒவ்வோர் அடிக்கும் பக்கத்தில் "ஏன்?" என்று ஒரு கோடு விட்டால், பார்த்து எழுதுவதும் குறையும். பின்தங்கிய பிள்ளைக்கு வெற்றுக் கொப்பி என்ற நிலை வராது.

இந்த இழைக்கு மிக வேண்டிய பகுதி இனித்தான் வருகிறது. அதே ஆய்வு மரபில் வந்தவர்கள் பின்னர் கண்ட இன்னொன்று, தேர்ச்சி கூடியவருக்கு அதே தாள் உதவாது, இடையூறாகவும் மாறும் என்பது. தெரிந்த அடிகளை ஒவ்வொன்றாக வாசிக்க வைப்பது அவரை மெதுவாக்குகிறது. ஆகவே உங்கள் நான்கைந்து பேருக்குத் தாளின் கடைசிக் கணக்கை முதலிற் கொடுங்கள். செய்துவிட்டால், அந்தக் கணக்கைத் தலைகீழாக்குங்கள்: "விடை 7 வரும்படி, அடைப்பு இரு பக்கமும் உள்ள ஒரு சமன்பாட்டை அமைக்கவும், விடையே இல்லாத ஒரு சமன்பாட்டையும் அமைக்கவும்." அதே அலகு, அதே முப்பது நிமிடம், அடுத்த தரத்துப் பாடநூல் வேண்டாம்.

முன்வரிசையைப் பற்றியும் ஒன்று. ரியூசனில் முன்கூட்டியே படித்து வந்த பிள்ளையும் மீத்திறன் பிள்ளையும் ஒருவர் அல்லர். பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்று முன்வரிசையிற் கேட்டுப் பாருங்கள். விடையைக் கத்துபவர்களில் பாதிப் பேர் மௌனமாகிவிடுவார்கள். அந்தக் கேள்விக்குக் கண்ணை விரித்துப் பார்க்கும் பிள்ளை எட்டாம் வரிசையில் இருக்கலாம், வாய்ப்பாடு தெரியாமலும் இருக்கலாம். அதனால்தான் நான் பிள்ளைகளைப் பிரிப்பதற்கு உடன்படுவதில்லை. அலகுக்கு அலகு, இன்று எவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பாருங்கள். கேத்திரகணிதத்தில் முந்துபவர் சதவீதத்தில் பிந்துவார்.

வெண்கட்டி

அடிகளைக் குறைத்துக்கொண்டு போகும் தாள் எனக்குப் பிடித்திருக்கிறது. தயாரிக்கவும் நேரம் அதிகம் செல்லாது. ஆனால் தரம் 11 ஆசிரியனாக ஒரு நடைமுறை உண்மையையும் இங்கே பதிவு செய்கிறேன். சாதாரண தரக் கணிதத்தில் சித்தியடையாவிட்டால் பிள்ளைக்குப் பல கதவுகள் மூடிவிடும். முதலாம் வினாத்தாளின் முதற் பகுதியில் 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளிகள். தொடைகள், புள்ளிவிபரம், வரைபு என்று சில அலகுகளை மட்டும் பிடித்துக்கொண்டால் 35 புள்ளியை எட்டலாம். நாங்கள் கீழ்ப் பிரிவுக்குச் செய்வது அதுதான். காரணங்களை விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. பிள்ளையைக் கரை சேர்க்க வேண்டும்.

தம்பலகாமத்தான்

பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது நானும் அதைத்தான் செய்கிறேன், அதில் வெட்கமில்லை. மறுப்பு என்னவென்றால், அந்த மூன்று மாத வேலையைத் தரம் 9இலேயே தொடங்குவதற்குத்தான். 35 புள்ளிக்கென்று அலகுகளைத் தெரிந்தெடுத்து மூன்று ஆண்டு படித்த பிள்ளைக்கு, வட்டிக் கணக்கும் விகிதமும் கைவராது. பிறகு குத்தகைக்கு வயல் எடுக்கும்போதும் கடன் வாங்கும்போதும் தேவைப்படுபவை அவைதான்.

உப்புவெளி மாணவன்

கொட்டியாரத்தார் ஐயா கேட்ட பின்ன வகுத்தல் கேள்விக்கு, பல்கலைக்கழக விடுதியில் மூன்று பேரிடம் விளக்கம் கேட்டேன். ஒருவரே சரியாகச் சொன்னார். தகவலுக்காக.

மூதூர்க் கடைக்காரர்

மகளிடம் கேட்டேன். ஐயா சொன்னபடியே 700க்கு ஏறி, பிறகு ஆயிரத்துக்குப் போகிறாள். பெட்டி போட்டு எழுதினாள். பெட்டியை எக்ஸ் ஆக்கியதும் "இது எங்கட கணக்குப் புத்தகத்தில் இருக்குது" என்றாள். கழிவு வீதம் போட்டு விலை குறைப்பதையும் இப்படி எழுதலாமா என்று கேட்கிறாள். ரீச்சரிடம் கொப்பியைக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.

உவர்மலை ரீச்சர்

மகளிடம் நிச்சயம் எழுதச் சொல்லுங்கள் அண்ணா; சதவீதம் தரம் 9இல் இருக்கிறது. 800 ரூபாய்ப் பொருளுக்கு 15 சதவீதக் கழிவென்றால், கழிவை 120 என்று கண்டு கழிக்கும் வழியையும், 85 சதவீதத்தை நேரே எடுத்து 680 என்று காணும் வழியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதட்டும். ஏன் இரண்டும் ஒரே விடை என்று அவளே ஒரு வரியில் எழுதினால் போதும்.

எனக்கு இன்னும் ஒரு உதவி வேண்டும். பரப்பளவு அலகுக்குத் தம்பலகாமத்தாரின் பாணியில் ஒரு கணக்கு இருந்தால், குறிப்புத் துண்டுகளுடன் தர முடியுமா? பின்தங்கியவர்கள் தொடங்கத் தயங்கினால் கையில் கொடுப்பதற்கு.

தம்பலகாமத்தான்

இருக்கிறது ரீச்சர். நெல் காயப்போடும் களத்தை ஒரு மதிலோடு சேர்த்துச் செவ்வகமாக அடைக்க வேண்டும். மதில் ஒரு பக்கம், மற்ற மூன்று பக்கமும் கயிறு. கயிறு 24 மீற்றர். எப்படி அடைத்தால் களம் மிகப் பெரிதாகும்?

முதல் துண்டு: "மதிலிலிருந்து 1 மீற்றர் அகலம் என்றால் நீளம் எவ்வளவு? படம் வரைக." 22 என்று வந்துவிட்டால் பிள்ளை தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டாம் துண்டு: "அகலம் 2, 3, 4 என்று அட்டவணை போடுக." 22, 40, 54, 64, 70, 72 என்று ஏறி மறுபடி 70க்கு இறங்குவதை அவர்களே காண்பார்கள். 5.5 மீற்றர் அகலத்தையும் ஒருவராவது போட்டுப் பார்க்கட்டும், 71.5 வரும், தசமப் பெருக்கலுக்கு அதுவே பயிற்சி.

முந்தி முடிப்பவர்களுக்கு: களம் இரண்டு மதில்கள் சந்திக்கும் மூலையில் இருந்தால் என்ன நடக்கும்? செவ்வகமாகத்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டால்? வட்டத்தின் பரப்பளவு தெரிந்த பிள்ளை கயிற்றை அரைவட்டமாக வளைத்துப் பார்த்து, 91க்கும் மேல் என்று வரும்போது செவ்வகத்தின் 72ஐத் திரும்பிப் பார்க்கும். துண்டுகளை முன்கூட்டியே எல்லோருக்கும் கொடுத்துவிடாதீர்கள். மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, வேண்டியவர் வந்து எடுக்கட்டும். யார் எந்தத் துண்டை எடுத்தார் என்று இடாப்பின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டால், அடுத்த நாள் யாருடன் இருக்க வேண்டும் என்பதும் கையில் இருக்கும்.